வெந்நீர்த் தொட்டிக்கு வந்த காளை

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்புக்குள் இரண்டு அறை கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போக ஒரு விடுதி நடத்துகிறோம். லாட்ஜ் என்று சொன்னால் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பதால் தோட்ட வீடு என்றுதான் சொல்வது. முன்பக்கம் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இந்த வெயிலில் யாருக்கு வெந்நீர்? நானும் அதையேதான் கேட்டேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தவளை இதில் இழுத்துவிட்டவர் என் வீட்டுக்காரர். எங்கோ மலைப்பக்கம் போனபோது இப்படி ஒரு தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துவிட்டு வந்தவர், அதன் பிறகு வேறு பேச்சே பேசவில்லை.

சிமென்ட்டில் வட்டமாகக் கட்டி, பாதியைத் தரைக்குள் இறக்கி, உள்ளே உட்காரத் திட்டு வைத்து, பக்கத்தில் விறகு அடுப்பும் போட்டார். விளிம்பு முழங்கால் உயரம்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் தவளைகள்தான் அதற்கு வாடிக்கையாளர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கொஞ்சம் மவுசு உண்டு.

செல்லப் பிராணிகளையும் கூட்டி வரலாம் என்று போர்டில் எழுதியது என் யோசனை. ஆகையால் அன்றைக்கு நடந்ததற்கு அவரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

கார்த்திகையில் ஒரு பெண் போன் செய்தாள். இலுப்பூர்ப் பக்கம், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், இரண்டு நாள் தங்க வேண்டும், கூடவே ஒரு வளர்ப்புப் பிராணி வரும் என்றாள். தாராளமாக வாருங்கள் என்றேன். கடிக்குமா என்று மட்டும் கேட்டேன். கடிக்காதுங்க என்றாள். அது உண்மைதான், மாடு கடிக்காது.

மறுநாள் மதியம் கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. சின்ன லோடு வண்டி. அதன் பின்னால், நாலு பக்கமும் சாக்குக் கட்டிய தடுப்புக்குள், ஒரு காளை நின்றுகொண்டிருந்தது. ஜல்லிக்கட்டுக் காளை. வண்டி முழுக்க அதுவே இருந்தது. செவலை உடம்பு, கழுத்திலிருந்து திமில் வரை கருப்பு ஓடியிருந்தது. நான் இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். காளையை டிவியிலும் ஜல்லிக்கட்டு கேலரியிலிருந்தும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் என் வீட்டு வாசலில், என் குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இது நாய், பூனைக்கான இடம்மா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் வண்டியில் ஏறி, அதன் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, "எறங்குடா தம்பி" என்றாள். ஒல்லியான பெண். அந்தப் பெரிய உடம்பு பலகையில் ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து, அவள் பின்னால் இறங்கி வந்தது. நான் கேட்டை அகலத் திறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வண்டியின் முன்பக்கம் ஒதுங்கி நின்றார். காளை அவரைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். "மச்சினன் மொறைக்கிறாரு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

வண்டிக்காரர் எப்போது திரும்ப வரவேண்டும், எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார். எங்கள் கேட்டிலிருந்து மேற்கே திரும்பினால் புதுக்கோட்டை வழியாக இலுப்பூர். கிழக்கே திரும்பினால் அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடி. அந்தப் பெண் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நாளை மறுநா காலையில வாங்கண்ணே. எங்கிட்டுப் போறோம்னு இன்னும் தெரியல."

காப்பி குடிக்கும்போது விஷயம் வெளியே வந்தது. இருவரும் புதுக்கோட்டையில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் சொல்லிப் போராடி, சம்மதம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் கட்டுமாவடி. படகு வைத்து மீன் வியாபாரம் பார்க்கிற குடும்பம். ஆபீஸ் வேலையை விட்டு இனி அதைத்தான் பார்க்கப் போகிறார். அந்த வீட்டில் ஆட்டுக்குட்டிகூட வளர்த்ததில்லை. இவள் வீட்டிலோ இந்தக் காளைதான் பிள்ளை. தாய்ப் பசு செத்துப்போன கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் இவள். அவள் அப்பாதான் வாடிவாசலுக்குப் பிடித்துக்கொண்டு போவார். அவர் இப்போது இடுப்பில் அடிபட்டு, கயிற்றைப் பிடிக்க முடியாமல் இருக்கிறார். அவர் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்தால் காளையை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் கேட்டிருக்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

"கேட்டுருக்கவுக நல்லவுகதாங்கம்மா. ஆனா அவுக கையிலேருந்து அடுத்த கை எங்கிட்டுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அவளே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஆபீஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு அவள் வேலைக்குப் போய்விட்டால், பகலெல்லாம் தண்ணீர் காட்டி மாற்றிக் கட்டுவது அவர்தானே? மறுவீட்டுக்குப் போன அன்று காளை அவரை வாசலிலேயே விரட்டிவிட்டதாம். புது மாப்பிள்ளை கொல்லைப்புறமாகச் சுற்றி வந்துதான் விருந்து சாப்பிட்டிருக்கிறார். அது அதன் இடம், அதனால்தான் என்று இவள் நினைத்தாள். கட்டுமாவடியோ அதற்குப் புரியாத இடம். இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் தேடியிருக்கிறாள். போர்டு கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காளை கை மாறும்போது அவர்கள் பக்கம் செய்கிற வழக்கமாம். பழகிய ஆளின் துவைக்காத துணியைப் புது ஆளுக்கு உடுத்திவிடுவார்கள். காளை வாசனையை வைத்து ஏற்றுக்கொள்ளும். அவள் ஒரு பையிலிருந்து அவள் அப்பாவின் அழுக்குச் சட்டையையும் வேட்டியையும் துண்டையும் எடுத்தாள். மாப்பிள்ளைக்குச் சட்டை தொளதொள என்றிருந்தது. தவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, மாமனார் நடக்கிற மாதிரியே மெதுவாக நடந்து போனார். அதையும் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

முளையடித்துக் கட்டியிருந்த காளை தலையைத் தூக்கியது. காது இரண்டும் முன்னால் வந்தன. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டது. அதற்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், முன்னங்காலால் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கயிறு இழுக்கிற மட்டும் பாய்ந்தது. வாளி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். என் குரோட்டன்ஸில் பாதி போயிற்று. கயிறு மட்டும் இரண்டு முழம் நீளமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அவர் முழங்கை தோல் உரிந்து, சேறும் தவிடுமாக எழுந்து வந்தார். அவள் அழுதுகொண்டே மருந்து போட்டாள். அவர் அவளைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அது எம் மேல கோவப்படல. ஒங்க அப்பாவத் தேடுச்சு. நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சிருச்சு."

அன்று ராத்திரி காளை எதையும் தொடவில்லை. மறுநாள் முழுக்கவும் அப்படித்தான். அவள் கையால் கொடுத்த வாழைப்பழத்தைக்கூட முகர்ந்துவிட்டுத் திருப்பிக்கொண்டது. மழை வேறு விட்டு விட்டுப் பெய்தது. அன்று மாலை அவள் போனில் அப்பாவிடம் பேசுவது கேட்டது. சரிப்பா, கேட்டவுகள வரச் சொல்லுங்கப்பா என்றாள். சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே போய்க் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் சொந்தப் பெண் நிற்பதைப் போல இருந்தது எனக்கு. என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி நேரங்களில் என்ன பேசுவது என்று தெரியாது. மாப்பிள்ளையிடம் போய், உடம்பு வலிக்கும், விடியக்காலையில் தொட்டியைச் சூடாக்கி வைக்கிறேன், கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்கு வேண்டும் இவருடைய வெந்நீர்?

விடிந்தபோது மழை நின்றிருந்தது. முந்திரி விறகு எரிகிற வாசனை தோப்பெல்லாம் பரவியிருந்தது. நான் காப்பி டம்ளரோடு வராந்தாவுக்கு வந்தேன். மாப்பிள்ளை வெறும் டவுசரோடு தொட்டிக்குள் இருந்தார். அவரை அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வந்ததிலிருந்து ஒடுங்கி ஒடுங்கி நின்றவர், தண்ணீருக்குள் வேறு ஆளாக இருந்தார். கழுத்தளவு இறங்கி, கைகளை விரித்து, கண்ணை மூடி, கடலில் மிதக்கிறவர்கள் இருப்பார்களே அந்த மாதிரி, கொஞ்சமும் கவலையில்லாமல் கிடந்தார். சுற்றிலும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த ஆவிக்கு அப்பால் காளை வந்துகொண்டிருந்தது.

மழையில் மண் இளகி, அடித்து வைத்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கயிறும் முளையும் ஈரத்தில் இழுபட்டுக்கொண்டே வந்தன. காளை ஓடவில்லை. நடந்துதான் வந்தது. கத்தினால் மிரண்டு பாயுமோ என்று வராந்தாவிலேயே நின்றேன். அறைக் கதவு திறந்தது. அவள் ஈரத்தலையோடு வெளியே வந்து, பார்த்து, அப்படியே நின்றாள். அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், காளை திரும்பி அவளிடம் வந்துவிடும். எனக்கே தெரிந்தது அது. அவள் கூப்பிடவில்லை. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். காளை தொட்டியின் விளிம்பில் நின்றது. அவர் எழவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. தண்ணீருக்குள் அவர் கை மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. காளை தலையைத் தாழ்த்தியது. இரண்டு கொம்பும் அவர் தலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வந்தன. அது விட்ட மூச்சில் தண்ணீர் வட்டம் வட்டமாகப் போனதை வராந்தாவிலிருந்தே பார்த்தேன். பிறகு அது நாக்கை நீட்டி அவர் நெற்றியை நக்கியது.

வெந்நீரில் வியர்த்திருந்த நெற்றி. அங்கிருந்து காது, காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள். உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி சத்தம் கேட்டது. கன்றை நக்குகிற தாய்ப் பசு மாதிரி நிறுத்தி நிதானமாக நக்கிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. நான் கோயில் குளம் என்று அதிகம் போகிறவள் இல்லை. அன்றைக்கு என் இரண்டு கையும் தானாகக் கும்பிட்டு நின்றதைப் பிறகுதான் கவனித்தேன். டம்ளர் எப்போதோ கீழே விழுந்திருந்தது.

நக்கி முடித்து, தொட்டித் தண்ணீரையே உறிஞ்சிக் குடித்தது. ஒரு பகலும் இரண்டு இரவும் எதையும் தொடாத வாய். அடுப்பருகே விறகுக்கட்டையும் கையுமாக நின்ற என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து, சொட்டச் சொட்ட வெளியே வந்து, சேற்றில் கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்தார். அதன் முகத்துக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு, தோப்பைப் பார்த்து நடந்தார். கயிறு தொய்ந்தே இருந்தது. காளை பின்னால் போயிற்று.

ஏன் வந்தது என்று பிறகு நாங்கள் பேசிப் பேசி அலுத்துப்போனோம். மாமனார் வாசனை போய் அவர் வாசனையே தெரிந்ததால் என்றாள் அவள். தண்ணீருக்குள் எனக்குப் பயம் வராது, அது அதற்குத் தெரிந்திருக்கும் என்றார் அவர். உப்பும் தாகமும்தான் என்றார் என் வீட்டுக்காரர், தொட்டியின் பெருமையையும் சேர்த்துக்கொண்டு. எனக்கு எதுவும் தெரியாது. நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

வண்டி வந்தபோது அவர்தான் காளையைப் பலகையில் ஏற்றினார். அவள் கேட்டருகில் நின்று போன் பேசினாள்.

"அப்பா, யாரையும் வரச் சொல்லாதீங்கப்பா" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "அவுகதாம்ப்பா. அவுகதான் கயித்தப் பிடிச்சிருக்காக" என்றாள்.

வண்டிக்காரர் எங்கிட்டுப் போகணும் என்று மறுபடியும் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை பின்னால், காளையோடு நின்றார். சாக்குத் தடுப்புக்கு மேலே இரண்டு தலையும் தெரிந்தன. அவர்தான் வண்டியின் கூரையில் இரண்டு தட்டு தட்டி, "கட்டுமாவடிக்குப் போங்கண்ணே" என்றார். வண்டி கிழக்கே திரும்பியது.