கார்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தால் எங்கள் அம்மா அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் ரேஸர் வரை எதையும் விடமாட்டாள். அந்த வருஷம் அப்பாவின் ஆபீஸ் கம்ப்யூட்டர் கார்டையும் கேட்டு வாங்கிவிட்டாள்.

பெங்காலி பேசும் ஊரில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு அலிப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. அங்கே வந்து இறங்கிய கம்ப்யூட்டரில் கணக்கு புரோகிராம் ஓடவில்லை. அது வேறு ரகப் பிராசஸருக்கு, அதாவது வேறு மூளைக்கு, எழுதியதாம். அந்த ரகத்தை ஒரு கார்டில் பதித்து விற்கிறார்கள், பெட்டிக்குள் செருகினால் போதும் என்று அப்பா மன்றாடி வாங்கவைத்திருந்தார். அதற்கென்று தனி ஃப்ளாப்பி. அதிலிருக்கும் சிஸ்டம் ஸ்லாட் ஸ்லாட்டாகக் கார்டைத் தேடும். அகப்பட்டால் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். பெட்டியின் சொந்தப் பிராசஸர் கீபோர்டையும் திரையையும் பார்த்துக்கொண்டு கிடக்கும். லீவு முடிந்ததும் பெரிய சாகேப் முன்னால் இதை ஓட்டிக் காட்டினால் கம்ப்யூட்டர் அறை அப்பாவுக்கு. இல்லையென்றால் பழைய மேஜைதான். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

கார்டின் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். அம்மாவுக்கு அதுதான் லட்சணமாகப் பட்டது. சரியாக அங்கேயே பார்த்துச் சந்தனம் இட்டு, குங்குமமும் வைத்தாள். மறுநாள் அப்பா வேட்டித் தலைப்பால் துடைத்தார். பல்லிடுக்கில் காய்ந்தது போகவில்லை.

எனக்குக் காளி பூஜை வரை பள்ளிக்கூடம் கிடையாது. ஆபீஸ் திறந்த அன்று நச்சரித்து நானும் கூடப் போனேன். சாகேபும் மற்றவர்களும் பூஜை இனிப்பான சந்தேஷை மென்றபடி சுற்றி நின்றார்கள். அப்பா தன் ஓட்டை பெங்காலியில் இரண்டு மூளைக் கதையை விளக்கினார். ஃப்ளாப்பி கரகரத்தது. கார்டு இல்லை என்று திரையில் வந்தது. அணைத்து மறுபடி போட்டார். மறுபடியும் இல்லை.

சாகேபே அணைக்கச் சொல்லிக் கார்டை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“ஏ கீ, கார்டுகேவோ டிப் பொரியேச்சேன்?”

கார்டுக்குமா பொட்டு என்று அவர் கேட்டதும் அறையே சிரித்தது. எனக்கு பெங்காலி தண்ணி பட்ட பாடு, ஒவ்வொரு கிண்டலும் புரிந்து தொலைத்தது. யார் வைத்தது என்றார். அம்மா பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன்.

“ஆமி, சார்” என்றார் அப்பா. நான்தான் என்று.

பிறகு யாருடைய மேஜையிலிருந்தோ ரப்பர் எடுத்துக் கார்டின் பல்லில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தேய்த்தெடுத்துச் செருகினார். கார்டு அழகாக ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை, சாகேப் சாப்பிடப் போயிருந்தார். கம்ப்யூட்டர் அறை ஜாதவ்பூரில் இன்ஜினீயரிங் படித்த ஒரு பையனுக்குப் போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் நான் லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். இவருடைய பெண் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவு வெட்கம்.

வாசலிலேயே அம்மா கேட்டாள்.

“நன்னா ஓடித்து. உன் சந்தனம் வீண்போகலை” என்றார்.

அங்கேயும் பொய், ஆத்திலும் பொய். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா கார்டு எங்கே என்று கேட்டாள். “அது மெஷினுக்குள்ளயே ஓடிண்டிருக்கு, எடுக்கப்படாது” என்று சொல்லித் தன் பழைய கால்குலேட்டரை நீட்டினார். அவள் சந்தனத்தைக் குழைத்து வருவதற்குள் அதைத் துடைத்து, பலகையில் நேராக வைத்தார்.

இந்த மனுஷருக்கு ரோஷமே கிடையாது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.