வெள்ளைத் துணியில் ஒட்டிய துரு

பழைய ராணுவத் தலைக்கவசங்களையும் சீருடைகளையும் தேடிச் சேர்ப்பது எனக்கும் என் நண்பனுக்கும் பல வருடப் பைத்தியம். ஏதோ கண்காட்சிக்கு வேண்டுமென்று என் போர்க்கால இரும்புத் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு போனவன், போன வாரம் முதலமடையில் என் வீட்டுக்கு வந்து திருப்பித் தந்தான்.

"பத்தரமா வெச்சுக்க மாப்ள. இனி இப்படியொண்ணு கெடைக்காது" என்றான்.

அவன் வண்டி மாந்தோப்பைத் தாண்டியதும், அலமாரியில் வைக்குமுன் தூசி போக வெள்ளைத் துணியால் துடைத்தேன். சந்தேகப்பட்டெல்லாம் இல்லை. துணி செம்மஞ்சளாகிவிட்டது.

பழைய துரு கறுத்து இரும்போடு இறுகியிருக்கும், துணியில் ஒட்டாது. உப்புத் தண்ணீர் தெளித்து வரவழைத்த புதுத் துருதான் இப்படி ஒட்டும். என்னுடையதை வைத்துக்கொண்டு போலியைத் தந்திருக்கிறான். அவன் கொடுத்ததை நான் சோதிக்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

என் கவசத்தின் உச்சியிலிருந்த பள்ளத்தைக்கூட இதில் அதே இடத்தில் அடித்திருந்தான், பாவி. பார்க்க வருபவர்கள் அதைக் குண்டு பட்ட தடம் என்பார்கள். நாங்களும் மறுத்ததில்லை. உண்மையில் என் கை தவறிக் கீழே விழுந்து வந்த பள்ளம் அது. அன்று நான் அழுதபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.