இரண்டு விரல் இடம்

அத்தை தையல் கடையை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைகளை வெட்டி முடித்து, மிச்சத் துணியைக் கோணிப்பையில் திணித்து, பத்தொன்பது வருடம் பிடித்த கத்தரியைத் துடைத்துக் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர், "மழை விட்டதும் போகக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். பாதித் தெரு வந்த பிறகுதான் கடையின் அளவு நாடா தன் கழுத்திலேயே தொங்குவது அத்தைக்குத் தெரிந்தது. நனைந்துகொண்டே திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த இடம் சுகாதார நிலையம். பண்ணை வேலைக்காரர்களில் யாருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ வர வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே பார்க்கும் வேலை அங்கே தொடங்கியிருந்தது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. உயரமும் இடுப்புச் சுற்றளவும் போதும். இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டினால் அந்த ஆளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அளக்கத்தான் ஆள் இல்லை. கடைக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்க வந்த நர்ஸ், அத்தை அளவெடுக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டாள். குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது, இனி நின்றபடி செய்கிற வேலை வேண்டும் என்று அத்தையும் சரி சொல்லிவிட்டாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "கால்ல சக்கரம் கட்டினவ சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறே? வந்து நான் சொல்ற எண்ணை எழுது," என்று அத்தை கூட்டிப்போனாள்.

முதலில் போனது ஒரு வெங்காயப் பண்ணை. தகரக் கூரை போட்ட கொட்டகையில் வெங்காயம் தரம் பிரிப்பார்கள். வேலை தொடங்குமுன் ஆண்களைக் கருவி அறைக்கு முன்னாலும், பெண்களைக் கூடைகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டிய மறைவிலும் அளந்தோம். டேப்பைக் கண்டதும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

"மூச்சை விடு தம்பி. போட்டோ எடுக்கல."

"எனக்கு முப்பத்திரண்டுன்னு எழுதிக்கோங்க அக்கா. கல்யாணத்துலேருந்து அதே சைஸ்தான்."

"பேன்ட் அதே சைஸ்தான். அது எவ்வளவு கீழே இறங்கியிருக்குன்னு குனிஞ்சு பாரு."

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அத்தை அவனுடைய கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தேடி, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுவாள். நான் எழுதுவேன்.

டிராக்டர் ஓட்டுபவரை எல்லாரும் கம்பி என்று கூப்பிட்டார்கள். கையும் காலும் அவ்வளவு ஒல்லி. வயிறு மட்டும் சட்டைக்குள் தனியாகத் தெரியும். உயரம் நூற்றெழுபத்துநாலு, பாதி எண்பத்தேழு. அத்தை அளந்தபோது எண்பத்தொன்பது வந்தது.

"என்னையப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு? காத்தடிச்சா பறந்துருவேன்னு என் சம்சாரம் சொல்றா."

"பறக்கிற ஆளுக்கு முன்னாடி என்ன மூட்டை?" என்றாள் அத்தை.

கம்பியின் அண்ணனுக்குச் சர்க்கரையால் காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அது தெரிந்த நாளிலிருந்து அத்தை அவரை விடவில்லை. டீசல் ஊற்றும் இடம்வரை போய் நச்சரித்தாள். ஐந்தாவது வாரம் அவர் வழிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் திங்கட்கிழமை, அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நர்ஸ் வந்தாள். மூன்று பேரைத் திரும்ப அளந்தாள். மூவருக்கும் எங்கள் கணக்கைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவாக வந்தது. அத்தையை அளக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அக்கா, இவருக்குப் பேன்டா தைக்கப் போறீங்க?"

அத்தை தன் கையைப் பார்த்தாள். டேப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல்கள் இருந்தன. துணி இறுக்காமல் இருக்க எந்தத் தையல்காரரும் விடுகிற இடம் அது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே உள்ளே போயிருக்கின்றன. அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் எல்லாரையும் நிறுத்தி அத்தை சொன்னாள்: "நான் தப்பா அளந்துட்டேன். எல்லாருக்கும் கூடுதலா எழுதியிருக்கேன். மறுபடி அளக்கணும்."

தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்தாள். "அப்போ அஞ்சு வாரமா நான் அரை வயித்தோட கிடந்தது?"

"அது பாவம்தான். முதல்ல நீ வா."

அறுபத்துநாலு பேரையும் மறுபடி அளந்தோம். பரிசோதனைப் பட்டியலில் இருந்த இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேர் கழன்றார்கள். அதில் கம்பியும் ஒருவர். எண்பத்தாறு. ஒரே ஒரு சென்டிமீட்டர் உள்ளே.

"அப்போ வெள்ளிக்கிழமை கிடையாது," என்று சட்டையை இறக்கிவிட்டார்.

"அண்ணனுக்கு இருக்குல்ல? ஒரு தடவை பார்த்துரு தம்பி."

"டேப் தப்பா இருந்தப்போ போன்னீங்க. சரியானப்புறமும் போன்னா, டேப் எதுக்கு அக்கா?"

கம்பி டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் பேனாவை இன்னும் மூடவில்லை. "எண்பத்தெட்டுன்னு எழுதிடவா அத்தை? அவர் நல்லதுக்குத்தானே."

அத்தை என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். "தெரியாம எழுதினதுக்கே மூஞ்சியைக் காட்ட முடியல. தெரிஞ்சே எழுதச் சொல்றியா?" எண்பத்தாறு என்று அவளே எழுதினாள்.

சாயங்காலம் நேரே நர்ஸிடம் போனாள். இடுப்பு அளவு ஒரு சல்லடைதான், அதில் எல்லாம் சிக்காது என்றாள் நர்ஸ். கூடப் பிறந்தவருக்குச் சர்க்கரை இருந்தாலே போதும், அளவைப் பார்க்காமல் பரிசோதனைக்கு எழுதலாமாம்.

"இதை முதல்லயே சொல்ல மாட்டியா?" என்றாள் அத்தை.

"நீங்க கேக்கலையே அக்கா."

அங்கேயே சீட்டு எழுதி வாங்கினோம். காரணம் என்ற இடத்தில் 'அண்ணனுக்குச் சர்க்கரை நோய்' என்று இருந்தது. அத்தை அதைக் கம்பியிடம் கொடுத்து, "இது டேப் சொல்லி வரல. உன் அண்ணனால வந்தது," என்றாள். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. அறுவடை முடிந்ததும் மனைவியோடு தூரத்துப் பண்ணை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அத்தை எங்கே அளந்தாலும், டேப்பைச் சுற்றுமுன் ஒரு கேள்வி கேட்பாள்: "வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" பாதிக்குக் கீழே வந்தவர்களிலும் அப்படி ஏழெட்டுப் பேரை அனுப்பினாள். கம்பியின் எண்ணுக்கு இரண்டு முறை போன் போட்டாள். இரண்டு முறையும் எடுத்தார், டிராக்டர் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. மூன்றாவது முறை போடவில்லை.

பதினாலு மாதம் கழித்து, ஒரு பழத்தோட்டத்தில் அளந்துகொண்டிருந்தபோது அத்தையின் போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று என்னிடம் நீட்டினாள். நான் படித்துக் காட்டினேன்:

"அக்கா, கம்பி. போன வாரம் ரத்தம் குடுத்தேன். சீட்டு பழசாயிருச்சுன்னு சொல்லி வேற எழுதினாங்க. சர்க்கரை எல்லைக்கு மேல கொஞ்சம் ஏறியிருக்காம். மாத்திரை இப்ப வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வான்னாங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போனேன், அவளுக்கு ஒண்ணும் இல்ல. இங்க டிரைவருங்க ஒன்பது பேர் இருக்கோம், யாரையும் யாரும் அளந்து பார்த்ததில்ல. இங்க வர பஸ் ரெண்டு மாறணும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். எந்த நாள் வர்றீங்கன்னு சொல்லுங்க."