லோஷன் புட்டியும் அஞ்சலையின் மணிக்கட்டும்

1. திங்கட்கிழமை காலை, மலாயாவில் லூனாஸ் பக்கமுள்ள எங்கள் ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் ஜப்பானியச் சிப்பாய்கள் தடைசெய்த ரேடியோ இருக்கிறதா என்று தேடினார்கள்.

2. மருந்துப் புட்டிகளையெல்லாம் கீழே இறக்கினார்கள். ஒன்று உடைந்து, அறை முழுதும் கார்பாலிக் நெடி பரவியது.

3. மற்றவற்றை அவர்களே திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். அடுக்கியதை நான் சரிபார்க்கவில்லை.

எங்கள் புட்டிகளில் ‘லோஷன்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் இருக்கும். மேல்தட்டில் இருந்தால் அது கண் கழுவும் போரிக் நீர். கீழ்த்தட்டில் இருந்தால் புண் கழுவும் கார்பாலிக் அமில நீர். தோட்டத்தார் ‘மிஸ்ஸி’ என்றழைக்கும் தாதியாக மூன்று ஆண்டுகள் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

அன்றைக்கே, ரப்பர் மரம் சீவும் அஞ்சலை, கண் வீங்கிய கைக்குழந்தையோடு வந்தாள். மேல்தட்டுப் புட்டியிலிருந்து சொட்டுக்குழலை நிரப்பினேன்; அறையெல்லாம் கார்பாலிக் நெடி இருந்ததால் மருந்தின் வாசம் தனியாகத் தெரியவில்லை. அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள்.

“முதல்ல இங்க ஒரு சொட்டு விடுங்க மிஸ்ஸி. புள்ளைக்குப் பாலக்கூட இப்படிப் பார்த்துத்தான் குடுப்பேன்.”

“கண் மருந்து எரியாதுக்கா,” என்று சொல்லிக்கொண்டே விட்டேன்.

“ஐயோ, எரியுதே!”

அந்த இடத்தில் தோல் வெளுத்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். சிப்பாய்கள் கார்பாலிக் புட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டிருந்தார்கள்.

“இதையா என் புள்ள கண்ணுல ஊத்தப் பார்த்தீங்க?” என்றாள்.

இப்போது ஒவ்வொரு புட்டியிலும் மருந்தின் முழுப் பெயரையும் அது எதற்கு என்பதையும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கண் மருந்தை முதலில் என் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறேன்.

போரிக் நீரில் கழுவி, குழந்தையின் கண் தெளிந்துவிட்டது. அஞ்சலையின் மணிக்கட்டில் வெள்ளைத் தழும்பு இருக்கிறது. குழந்தையை அவள் இன்னும் என் கையில் தருவதில்லை.