விசையில் தொங்கிய மணல் பை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினால்கூட, நலம் விசாரித்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் பாதிக் காகிதத்தை வெறுமையாக விட்டு மடித்து ஒட்டிவிடுவேன். அப்படிப்பட்டவள் பத்துப் பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருப்பதே அதிகப்பிரசங்கித்தனம். அதிலும் துப்பாக்கியைப் பற்றி. விஷயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒன்றுதான். அதிலும் விரலால் இழுக்கிற அதன் விசை மட்டும்தான்.

சீனாச் சண்டை முடிந்த பிறகு எங்கு பார்த்தாலும் ரைஃபிள் கிளப் என்று பேச்சாக இருந்தது. திருச்சியில் மன்னார்புரத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் மண்மேடு எழுப்பி ஒரு கிளப் நடத்தினார்கள். என் கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் லைசென்ஸ் வாங்கி, சின்னத் தோட்டா போடும் பழைய ரைஃபிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

அப்போது ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமி துப்பாக்கியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பெருமாளே சார்ங்க வில்லை ஓரமா வெச்சுட்டு நிம்மதியா சயனிச்சிண்டிருக்கார். உங்காத்துக்காரருக்கு இப்ப என்னடி அவசரம்?"

அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. காகிதத்தில் போட்ட வட்டத்தின் நடுவில் சுட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துப்பாக்கியின் விசை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இழுத்தால் நகர்ந்து நகர்ந்து வருமாம். எந்த இடத்தில் வெடிக்கும் என்று தெரியாதாம். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வேறொரு விசை கொண்டுவந்து கொடுத்தார். துப்பாக்கி செய்த கம்பெனி வேறு, விசை செய்த கம்பெனி வேறு. தையல் மெஷினுக்குத் தனியாக வேறு கம்பெனி சாமான் வாங்கிப் போடுகிறோமே, அதைப் போலப் பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதற்கு முன்னால் எனக்குக் காட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே நகத்தின் நுனி அளவுக்கு இரண்டு இரும்பு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி நின்றன. விரலால் இழுத்தால் ஒன்று மற்றொன்றை விட்டு விலகும். துப்பாக்கியே அந்த விலகலுக்காகத்தான் காத்திருக்கிறது என்றார். எத்தனை கனத்துக்கு விலக வேண்டும் என்று வைப்பதற்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி.

பொருத்திய பிறகு, சுட்டு முடித்த வெறும் தோட்டாக்கூடு ஒன்றை உள்ளே போட்டுவிட்டு, என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். பயந்துகொண்டே இழுத்தேன். பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அப்படி இருந்தது. வளையவில்லை, நகரவில்லை. டக். இன்னொரு தடவை இழுக்கட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு நாலைந்து தடவை இழுத்திருப்பேன்.

அந்த வருஷம் மதராஸில் நடக்கும் போட்டிக்கு கிளப்பிலிருந்து நாலு பேர் போவதாக இருந்தது. இவர் நாலாவது ஆள். அதுவரை ஆபீஸில் எதிலும் இவர் பெயர் பட்டியலில் வந்ததில்லை; வந்தாலும் யாராவது முந்திக்கொள்வார்கள். இது ஒன்று வந்திருந்தது. ஆனால் போட்டிக்கு ஒரு விதி உண்டு. விசை ஒன்றரைக் கிலோவைத் தாங்க வேண்டும். குண்டில்லாத துப்பாக்கியை வானத்தைப் பார்க்க நிறுத்தி, விசையில் ஒன்றரைக் கிலோ எடையைக் கொக்கியால் மாட்டித் தூக்குவார்கள். அந்தக் கனத்துக்கு விசை டக்கென்று விட்டுவிட்டால், அந்தத் துப்பாக்கி ஆபத்தானது என்று ஒதுக்கிவிடுவார்கள். தாங்கினால் சரி. சுடுகிறவர்களுக்கு விசை லேசாக இருந்தால் நல்லது. ஆகவே ஒன்றரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

கிளப்பின் எடை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற செயலாளரின் அலமாரியில் பூட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். இவருக்குப் பொறுமை இல்லை. கடைக்காரர்கள் எடைக்கல்லை வெளியே தர மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு தராசும் பழைய வீசைக்கல்லும் இருந்தன. ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதோடு மூன்று பலம் எடை சேர்த்தால் சரியாக வந்துவிடும் என்று நான் சொன்னேன். கல் தேய்ந்துவிட்டது, அடியிலிருந்த ஈயமும் விழுந்துவிட்டது, அதை எப்படி நம்புவது என்றார். புதுக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, இதற்கு மேல் சுத்தமான எடை கிடையாது என்று அவரே ஒரு வழி சொன்னார்.

லிட்டர் அளவு யாரிடம் இருக்கிறது? கொள்ளிடக்கரையிலிருந்து வரும் பால்காரரிடம் முத்திரை குத்திய அரை லிட்டர் குவளை இருந்தது. அதில் மூன்று முறை தண்ணீர் அளந்து கொடுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எல்லா வீட்லயும் பால்ல தண்ணி இருக்கான்னு பாப்பாங்க. தண்ணிய மட்டும் தனியா அளந்து கேக்குறது நீங்க ஒருத்தர்தாம்மா."

ஒரே மாதிரியான இரண்டு தகர டப்பாக்களைத் தராசில் வைத்து, ஒன்றில் அந்தத் தண்ணீரையும் மற்றொன்றில் வாணலியில் வறுத்து ஆறவைத்த காவேரி மணலையும் கொட்டினேன். மணலைப் போடப்போகும் துணிப்பையையும், குடைக்கம்பியில் வளைத்த கொக்கியையும் மணல் பக்கத்திலேயே வைத்தேன். முள் நேராக நின்றதும் மணலைப் பையில் போட்டுத் தைத்தேன். கையில் கிடைத்தது பூப்போட்ட சீட்டித் துணிதான். அந்தப் பையை மாட்டி, அது தொங்கும்படி, ஆனால் அதற்கு மேல் கொஞ்சமும் தாங்காதபடி, திருகாணியை வைத்தார். தேர்ந்த வேலை என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் எடையை மாட்டித் தூக்கினார்கள். டக்கென்று விட்டுவிட்டது. மறுபடி மாட்டினார்கள். மறுபடியும்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மணல் பையை மாட்டினார். தாங்கியது. எத்தனை தடவை தூக்கினாலும் தாங்கியது. தனியாக வாங்கிப் போடும் விசைகளை நம்பவே கூடாது, இன்றைக்கு ஒன்று செய்யும் நாளைக்கு ஒன்று செய்யும் என்று கிளப்பில் எல்லோரும் சொன்னார்களாம். அடுத்த ஞாயிறு கடைசி. அன்றும் விட்டுவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். பழைய விசையைத் திரும்பப் பொருத்தலாமே என்று கேட்டேன். அதை வைத்துக்கொண்டு மதராஸுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான் என்றார்.

எனக்கு அந்த வாரம் முழுவதும் வேறு நினைப்பே இல்லை. வீட்டில் தாங்குவது கிளப்பில் ஏன் தாங்கவில்லை? உலை கொதிக்கும்போதும் அதுதான், துணி பிழியும்போதும் அதுதான்.

முதலில் எண்ணெயைச் சந்தேகப்பட்டோம். விசையோடு வந்த காகிதத்தில் எழுத்து ஒன்றும் எங்களுக்குப் புரியாத பாஷை. ஆனால் எண்ணெய்க் குப்பி படம் போட்டு அதன்மேல் பெருக்கல் குறி இட்டிருந்தது. இவரோ தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார். கழற்றிப் பார்த்தால் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அந்த விளிம்புகளின் ஓரத்தில் களிம்பாக அப்பியிருந்தது. பெட்ரோலில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, உலரவைத்துப் பூட்டினார். உள்ளே ஈரமே இருக்கக் கூடாது, உலர்ந்து இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. பையை மாட்டினோம். பழையபடி தாங்கியது. அப்படியானால் எண்ணெய் காரணம் இல்லை.

பிறகு பஸ்ஸைச் சந்தேகப்பட்டோம். குலுக்கலில் திருகாணி நெகிழ்ந்து, வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி இறுகுமோ? அப்படி நடக்குமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? கண்மைச் சிமிழை எடுத்து, திருகாணியின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஈர்க்குச்சியால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். திருகாணி இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்துவிடும். சாயங்காலம் இவர் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு சும்மா ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பினார். பஸ்ஸில் கண்டக்டர் உறையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போறீங்க என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவைத்தாராம். கண்மைக் கோடு முறியவில்லை.

"அப்ப விசையில தப்பு இல்லீங்க" என்றேன்.

"தப்பு இல்லாமலா விட்டுடுச்சு?"

"அந்தப் பையை கிளப்புக்குக் கொண்டுபோங்க. அங்க மாட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்."

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பூவெல்லாம் போட்டதையா? அங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நாயனம்னு நினைச்சாங்கல்ல, அப்ப தலையை ஆட்டினீங்கல்ல? இதைக் கட்டுச்சோறுன்னு நினைச்சா அதுக்கும் ஆட்டுங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான். ஆனால் கொண்டுபோகிறேன் என்று சொல்லவில்லை.

விசையைப் பார்த்தாயிற்று, திருகாணியைப் பார்த்தாயிற்று, பையின் தையல் பிரியவில்லை என்றும் பார்த்தாயிற்று. பார்க்காதது எது என்று சனிக்கிழமை காலையில் பால் வாங்கும்போது யோசித்துக்கொண்டே நின்றேன். பால்காரர் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினார். அதன் அடிப்பாகம் என் பக்கம் திரும்பியிருந்தது. முத்திரை பக்கவாட்டில் இருந்தது. அடி தட்டையாக இல்லை. உட்பக்கமாகக் குழிந்து போயிருந்தது. குவளையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, முற்றத்தில் கவிழ்த்து வைத்து, குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். உருளாமல் உட்கார்ந்தது.

பால்காரர் பழத்தையும் என்னையும் பார்த்தார். "எருமை மிதிச்சிடுச்சும்மா" என்றார்.

"எப்ப?"

"அது ஆச்சு. ஒரு வீட்லயும் யாரும் இதுவரைக்கும் திருப்பிப் பாக்கல."

எருமை மிதித்தால் பக்கம் நசுங்காமல் அடி மட்டும் அவ்வளவு ஒழுங்காகக் குழியுமா என்று கேட்க வாய் வரவில்லை. எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அளந்து முடித்ததும் மேலே கொஞ்சம் கொசுறு விடுவார்.

உள்ளே போய்த் தராசை எடுத்தேன். ஒரு தட்டில் மணல் பை, மறு தட்டில் வீசைக்கல். ஒன்றரைக் கிலோ என்றால் வீசையைவிடப் பை கனமாக இருக்க வேண்டும். கல்தான் கீழே போனது. தேய்ந்து, ஈயம் விழுந்த கல்லே கீழே போனது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளும் ரெண்டு பேரும் விசையைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோமா?" என்றார்.

"நான் திட்டலீங்க."

முன்கட்டு மாமியிடம் அடி குழியாத அரை லிட்டர் அளவு ஒன்று இருந்தது; முதல் தடவை அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. வாங்கிவந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். பையைப் பிரித்ததில் இன்னும் ஒரு கைப்பிடி மணலுக்கு மேல் பிடித்தது. திருகாணியை இறுக்கி, இந்தத் தடவை தொட்டும் தொடாமலும் வைக்காமல், ஒரு இழை கூடுதலாகவே வைத்தார். புதிதாகக் கண்மைக் கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பையைத் தூக்கிக்கொண்டு நீயும் வா என்றார். தான் தூக்கிக்கொண்டு போகக் கூச்சம். எனக்கு மட்டும் கூச்சம் இல்லையா? ஆனால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரியதாக இருந்தது. வயர் கூடையில் பையை வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு போனேன். அங்கே பெண்கள் யாரும் இல்லை. தகரக் கொட்டகையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டேன்.

செயலாளர் இரும்பு எடையை மாட்டினார். துப்பாக்கியை இவர் மெதுவாக உயர்த்தினார். எடை தரையை விட்டு எழும்பித் தொங்கியது. லேசாக ஆடியது. என் கண்ணுக்கு அந்த எடை தெரியவில்லை. உள்ளே நகநுனி அளவில் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு விளிம்புகள்தான் தெரிந்தன. விடவில்லை. இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கச் சொன்னார். விடவில்லை. மூன்றாவது தடவை அவரே வாங்கித் தூக்கினார்.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

இவர் என் பக்கம் கையைக் காட்டினார். கூடையிலிருந்து பூப்போட்ட பை வெளியே வந்தது. செயலாளர் அதையும் மாட்டித் தூக்கிப் பார்த்தார். பிறகு இரும்பு எடையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் வைத்துக் கனம் பார்த்தார். பால் குவளை விஷயத்தை இவர் சொல்ல, அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாரோ ஏதோ கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் தெரியாமல் இல்லை.

அன்றைக்கு இவர் சுட்டது முன்னைப்போல் இல்லை. லேசான விசைக்குப் பழகிய விரல் கனத்துக்குத் திணறியது. முதல் குண்டுகள் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விட்டன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. மதராஸுக்குள் பழகிவிடும் என்றார் செயலாளர். நாலாவது பெயரை அடிக்காமல் அப்படியே விட்டார்.

மறுநாள் இவர் ஆபீஸுக்குப் போய் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வந்து, லீவு கிடைத்துவிட்டது என்றார்.