கூட்ஸ் வண்டி நின்றால் நாங்களும் நிற்கிறோம்

எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவில் ரயில்வே கேட். துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி சில நாள் அரை மணி நேரம்கூட அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு எட்டரைக்குக் கம்பெனி வேன். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். தினமும் காலையில் ஒரு ஷூ காணாமல் போகும். மூன்றாவது படிக்கும் மகள் ஜெனிக்கு வாயில் இட்லி இருக்கும்போதே தலை பின்னுவேன். அப்படித் தாமதமான ஒரு நாள், நின்றிருந்த கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து அவளை இழுத்துக்கொண்டு போனேன். இங்கே பலரும் செய்வதுதான்.

அடுத்த வாரம், "சீக்கிரம் வா" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதே ஜெனி என் கையை உதறிவிட்டுத் தானே அடியில் நுழைந்தாள். அவள் பை கண்ணிலிருந்து மறைந்த மறுநொடி, பெட்டிகள் தடதடவென்று இழுபட்டு வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை என் பிள்ளை இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஓடிப்போய் அடிக்கக் கை ஓங்கினேன்.

"இன்னாமா அடிக்க வர்ற? அன்னிக்கு நீதானே இப்டி பூந்து இட்டுகினு போன?" என்றாள்.

ஓங்கிய கை இறங்கிவிட்டது.

இப்போது பையும் ஷூவும் சாயங்காலமே கதவருகே தயாராகிவிடும். அரை மணி முன்னதாக எழுகிறோம். காலை ஷிப்ட் இல்லாத நாளில் தலை பின்னுவது அவள் அப்பா வேலை. வகிடு கோணல்தான், பரவாயில்லை.

அப்படியும் சில நாள் வண்டி நிற்கிறது. யாராவது குனிந்து போனால் ஜெனி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

- ஸ்டெல்லா, கொருக்குப்பேட்டை