கொன்ஃபியான்சா

காரைக்கால்மேட்டு நாகராஜுக்கு ஸ்பானிஷில் கயிறு, கத்தி, ஐஸ் போலத் தொட்டுக் காட்டக்கூடிய சொற்கள் எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. தொட முடியாத ஒரு சொல்தான் அவருடைய வலக்கையை வாங்கிக்கொண்டது.

ஸ்பெயின்காரனின் மீன்பிடிக் கப்பலில் ஏறிய அன்று ஒப்பந்தம் கேட்டார். கேப்டன் தோளில் கைபோட்டு, "கொன்ஃபியான்சா" என்றான். நம்பிக்கை என்று அர்த்தம் சொன்னார்கள். நாகராஜுக்கு மனம் குளிர்ந்தது. அவர் ஊர்ப் படகில் மட்டும் எழுத்தா இருக்கிறது? அடிபட்டுக் கிடப்பவன் வீட்டுக்கும் பங்கு போகும். போகாவிட்டால் கடற்கரையே காறித் துப்பும். அந்த வழக்கத்தை அப்படியே அந்தச் சொல்லுக்குள் போட்டுவிட்டார்.

வலை இழுக்கும் இயந்திரம் கையை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் கேப்டன், "இவன் என் ஆளே இல்லை" என்றான். கட்டிலில் கிடந்து யோசித்தபோதுதான் நாகராஜுக்கு உறைத்தது: அந்தச் சொல்லைக் கேப்டனிடம் எந்தக் கூலிக்காரனும் சொன்னதே இல்லை. அது மேலிருந்து கீழே மட்டும் வரும் சொல்.

இப்போது அதே மாதிரிக் கப்பலுக்கு அவர் மனைவி சந்திராவின் தம்பி மாரிக்கண்ணு கிளம்பினான். ஆள் சேர்ப்பவர் சோமசேகரன், அவனுக்குச் சித்தப்பா முறை. மீன் ஏலத்தில் எல்லார் முன்னாலும் நாகராஜ் மறித்தார்.

"ஒப்பந்தம் எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"ஏம்ப்பா, நம்ம புள்ள. நமக்குள்ள எழுத்து என்னத்துக்கு?"

"இதத்தான் அங்க கொன்ஃபியான்சாங்கிறான்."

மீன் விற்கும் பவுனம்மாள் கூடையை இறக்கினாள். "எழுதிக் குடுத்தா ஒன் கை முறிஞ்சிருமா சோமசேகரா? முறிஞ்ச கைதான் இங்க நிக்கிதே!"

சிரிப்பு எழுந்தது. மாரிக்கண்ணுவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"சித்தப்பாகிட்டப் போயி எழுத்து கேப்பாங்களா மச்சான்? அசிங்கமா இருக்கு."

கேட்பவனுக்கு அசிங்கம், கொடுக்காதவனுக்கு மரியாதை. இந்த ஒழுக்கத்தை எந்தச் சாமியும் வந்து எழுதவில்லை. ஏய்த்துப் பிழைப்பவன் எழுதினான். ஏமாந்தவன் மனப்பாடம் செய்தான்.

மாரிக்கண்ணு போய்விட்டான். கப்பல் ஏறிய மறுநாள் போன் வந்தது.

"கேப்டன்கிட்ட ஒப்பந்தம் கேட்டேன் மச்சான். நீ சொன்ன அதே வார்த்ததான். ஆனா இவரு அப்படி இல்ல. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, தோள்ல கையப் போட்டு."

நாகராஜ் இடக்கையிலிருந்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எங்கிட்டயும் சிரிச்சுக்கிட்டுத்தான்டா சொன்னான்."

அதற்குள் கடலில் சிக்னல் போயிருந்தது.